மார்கழி மண்டபமும் ‘மெஷின் ஹெட்’டும்

மார்கழி பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் கல்யாண மண்டபங்களுக்கு வேலை இருக்காது. பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை எந்த மண்டபத்தைத் திறந்து பார்த்தாலும் அடுக்கிய நாற்காலிகளும், பெண்வீட்டார் அறையில் சுருட்டிப் போட்ட மெத்தைகளும்தான் கிடக்கும். தை முதல் முகூர்த்தம் வரைக்கும் அப்படித்தான். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஊரில் கிராண்ட் ஹோட்டலும் இப்படித்தான் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்தது. அந்தக் காலி ஹோட்டலின் நடைக்கூடத்தில், சுவரோரம் மெத்தைகளைச் சாத்தி வைத்துக்கொண்டு, ஐந்து பேர் வாசித்துப் பதிவு செய்ததுதான் டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் ‘மெஷின் ஹெட்’ ஆல்பம்.

இந்த ஆல்பத்தைப் பற்றி எழுத வேண்டும் என்பதற்கு ஒரே காரணம்தான். நம் பக்கத்தில் கிட்டார் எடுக்கிற பிள்ளைகள் முதலில் பழகுவது இதிலுள்ள ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுரக்கோவை. கோவில் கொடையில் லைட் மியூசிக் தொடங்கும் முன் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) சோதிக்கிற நேரத்திலும் இதுதான் காதில் விழும். பெரும்பாலும் தப்பாகத்தான் விழும். அதைவிட முக்கியமாக, அந்தச் சத்தம் விலை உயர்ந்த ஸ்டூடியோவில் பிறந்தது என்று நினைத்துக்கொண்டு, ‘நம்ம ஊர்ல அதெல்லாம் ஆகாது’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆகும். எப்படி என்பதைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரிச்சி பிளாக்மோர் கிட்டார், ஜான் லார்ட் ஆர்கன், ரோஜர் குளோவர் பேஸ், இயன் பெய்ஸ் டிரம்ஸ், இயன் கில்லன் குரல். முந்தைய ஆல்பமான ‘ஃபயர்பால்’ கச்சேரிப் பயணங்களுக்கு இடையே துண்டு துண்டாகப் பதிவானது. இந்தத் தடவை ஒரே இடத்தில், ஒரே மூச்சில், மேடையில் வாசிப்பது போலவே வாசித்து முடிக்க நினைத்தார்கள். அதற்காக மோந்த்ரோ காசினோவைப் பேசி வைத்து, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் பதிவு வண்டியையும் வாடகைக்கு எடுத்தார்கள். அது ஒரு லாரி. உள்ளே மிக்ஸிங் மேஜையும் (பல மைக்குகளின் ஒலியை அளவாகக் கலப்பது) டேப் எந்திரமும் இருக்கும். மைக் கேபிளை மட்டும் கட்டடத்துக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 4 அன்று அதே காசினோவில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ ஒருவன் மேற்கூரையைப் பார்த்து ஃபிளேர் துப்பாக்கியை (எரியும் ஒளிக்குண்டை வீசுவது) சுட, காசினோ முழுவதும் எரிந்து போயிற்று. மோந்த்ரோ இசை விழாவை நடத்திவந்த கிளாட் நோப்ஸ் உள்ளே சிக்கியவர்களை வெளியே கொண்டுவர ஓடினார். புகை ஜெனீவா ஏரியின் மேல் படர்ந்ததைக் குழுவினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் பாட்டின் பொருள். கற்பனை எதுவும் இல்லை, நடந்ததை வரிசையாகச் சொல்கிற பாட்டு அது. நம் வில்லுப்பாட்டுக்காரர் ஊரில் நடந்த விபத்தைக் கதையாக்கிச் சொல்வாரே, அந்த வகை.

அடுத்து பெவிலியன் என்ற அரங்குக்குப் போனார்கள். அங்கே இரவில் ஒரு பாட்டின் வாத்தியப் பகுதியை மட்டும் பதிவு செய்வதற்குள் அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்துப் போலீஸ் வந்துவிட்டது. பேர்கூட வைக்காத அந்த டேப்பை ஓரமாக வைத்துவிட்டு, கடைசியில் கிராண்ட் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தார்கள். மற்றப் பாட்டுகள் முடிந்து, ஆல்பத்துக்கு நீளம் போதவில்லை என்று தெரிந்தபோதுதான் பெவிலியன் டேப் ஞாபகத்துக்கு வந்தது. அதன் மேல் காசினோ தீயைப் பற்றிய வரிகளை எழுதிப் பாடினார்கள். உலகமே வாசிக்கிற ரிஃப் அந்த மீதி டேப்பில் இருந்தது. டிசம்பர் 21 வாக்கில் வேலை முடிந்தது. 1972 மார்ச்சில் ஆல்பம் வந்தது.

ஹோட்டலில் நடந்த ஒரு விஷயத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பதிவு வண்டி வெளியே, பனியில் நின்றது. வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறைகளுக்குள் புகுந்து, பால்கனியைக் கடந்து, சுற்றி இறங்கி வண்டிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு தடவை முழுதாக வாசித்துப் பதிவது) போய் வர முடியாது என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். ‘இது சரியாக வந்துவிட்டது’ என்று தங்களுக்கே தோன்றும் வரை வாசித்தார்கள். இந்த ஆல்பத்தில் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்பதற்கு இது பெரிய காரணம் என்பது என் முடிவு. திரையைப் பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டுகிற இன்றைய பழக்கத்தில் போய்விடுவது இதுதான்.

இனி ரிஃப். ஆல்பத்தின் பேரிலேயே முதல் பாடம் இருக்கிறது. மெஷின் ஹெட் என்றால் கிட்டாரின் தலையில் தந்தியை முறுக்கும் சாவி, வீணையில் பிருடை என்போமே, அது. சுருதி கொஞ்சம் பிசகினாலும் இந்த ரிஃப் கெட்டுப்போகும்.

G என்பதைச் சட்ஜமாக, அதாவது ஐந்து கட்டை சுருதியாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் குரல்: ச க ம, ச க ம ம, ச க ம க ச. காந்தாரம் சாதாரணம். மத்தியமம் சுத்தம். நடுத் துண்டில் மட்டும் முதல் மத்தியமம் பிரதி, அடுத்தது சுத்தம். மொத்தம் பன்னிரண்டு தட்டு. இதற்குக் கீழே இன்னொரு குரல் எப்போதும் கூடவே போகிறது. மேலே ச என்றால் கீழே மந்தர பஞ்சமம், மேலே காந்தாரம் என்றால் கீழே கைசிகி நிஷாதம், மேலே சுத்த மத்தியமம் என்றால் கீழே சட்ஜம், மேலே பிரதி மத்தியமம் என்றால் கீழே சுத்த ரிஷபம். அந்த சுத்த ரிஷபத்தை நினைவில் வையுங்கள். கோரஸ், அதாவது பாட்டின் பல்லவி, வரும்போது ம, ரி, ச என்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) இறங்குகிற இடத்தில் வருவதும் அதே சுரம்தான். ரிஃபில் ஒளிந்திருந்த சுரம் கோரஸில் வெளியே வந்து நிற்கிறது.

நாதஸ்வரக்காரர் இருவர் இந்த இரண்டு குரலையும் பிரித்து வாசித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கமகம் ஒட்டவே கூடாது. காந்தாரத்தை ஆட்டினால் ரிஃப் கரைந்துவிடும். ஒவ்வொரு சுரமும் கல் மாதிரி நிற்க வேண்டும்.

கிட்டாரில் D, G தந்திகளில் வாசிக்கலாம். திறந்த தந்தி, மூன்றாம் ஃப்ரெட், ஐந்து. பிறகு திறந்த தந்தி, மூன்று, ஆறு, ஐந்து. பிறகு திறந்த தந்தி, மூன்று, ஐந்து, மூன்று, திறந்த தந்தி. திறந்த தந்திக்குப் பதிலாக A, D தந்திகளின் ஐந்தாம் ஃப்ரெட்டைப் பிடித்தாலும் அதே சுரம்தான் வரும். அப்படிப் பிடித்தால் சத்தத்தை நினைத்த இடத்தில் நிறுத்துவது சுலபம். ஒற்றைத் தந்தியில் வாசிப்பதும், E தந்தியில் பவர் கார்டாக வாசிப்பதும்தான் நான் அதிகம் கேட்கிற தப்பு. பவர் கார்டில் கீழே சட்ஜம், மேலே பஞ்சமம். இங்கே அது தலைகீழ்: பஞ்சமம் கீழே, சட்ஜம் மேலே.

இந்தத் தலைகீழ் ஏன் முக்கியம்? D தந்தி நொடிக்கு 146.8 அதிர்வு, G தந்தி 196. டிஸ்டார்ஷன் (ஒலியை முரடாக்குவது) போட்ட ஆம்ப் இரண்டையும் கலக்கும்போது அவற்றின் வித்தியாசமும் ஒரு சுரமாகப் பிறக்கும். 196-இல் 146.8 போனால் 49.2. அதுவும் G-தான், இரண்டு ஸ்தாயி கீழே. பேஸ் கிட்டார் இன்னும் நுழையாத இடத்திலும் அடியில் கனமாக ஒன்று உறுமுவது போலக் கேட்பதற்கு இதுதான் காரணம். G தந்தி வெறும் 5 சென்ட் (அரைச் சுர இடைவெளியில் நூறில் ஐந்து பங்கு) ஏறியிருந்தால் போதும், அந்த உறுமல் நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் அலையத் தொடங்கும். அதனால் டியூனர் காட்டும் பச்சை விளக்கோடு நிறுத்தாமல், டிஸ்டார்ஷனைப் போட்டு இரண்டு தந்தியையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, அலைச்சல் அடங்கும் வரை G பிருடையைத் திருப்புங்கள். பாட்டுக்கு நடுவில் முதலில் இறங்குவதும் அந்தத் தந்திதான்.

பிளாக்மோர் இதைப் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிக்கவில்லை, விரல்களால் கிள்ளி வாசித்தார். பிக் ஒரு தந்தியைத் தொட்டு அடுத்ததுக்குப் போக ஒரு கணம் ஆகும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளினால் இரண்டும் ஒரே கணத்தில் பிறக்கும். கெய்னை (ஆம்பில் முரட்டுத்தனத்தைக் கூட்டும் திருகு) பாதியாகக் குறைத்து வாசித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கெய்ன் அதிகமானால் இந்தக் கிள்ளலின் முகம் மறைந்துபோய் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

தாளத்தில் தடுக்கிற இடம் ஒன்றுதான். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 112 அடி. நான்கு அடி ஒரு சுற்று, அதை எட்டு அரை அடியாக எண்ணுங்கள். முதல் சுற்றில் தட்டு விழுவது 1, 3, 5, 8. இரண்டாம் சுற்றில் 2, 4, 5. மூன்றாவது முதலாவது போலவே. நான்காவதில் 2 மட்டும், பிறகு மௌனம். எட்டில் விழவேண்டிய தட்டை அடுத்த சுற்றின் ஒன்றுக்குத் தள்ளிவிடுவார்கள், ரிஃப் நொண்டும். கையால் தாளம் போட்டு, வாயால் சொல்லிப் பழகிவிட்டு அப்புறம் கிட்டாரை எடுத்தால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்.

பிறகு ஆர்கன். இந்த ரிஃபைக் கிட்டார் ரிஃப் என்று சொல்வதே பாதி உண்மை. ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்புக்குள் விட்டு, அதே ரிஃபை இரட்டித்தார். எது கிட்டார், எது ஆர்கன் என்று பிரிக்க முடியாத ஒரு கனம் அதில்தான் வருகிறது. நம் குழுக்களில் கீபோர்டுக்காரர் இந்த இடத்தில் ஸ்டிரிங்ஸ் (வயலின் கூட்டம் மாதிரியான ஒலி) போட்டுக்கொண்டு நிற்பார். வேண்டாம். டிராபார் (ஒலியின் நிறத்தை மாற்ற இழுக்கும் கம்பி) உள்ள ஆர்கன் ஒலியை எடுத்து முதல் மூன்று டிராபாரை முழுதாக இழுங்கள், மற்றதை உள்ளே தள்ளுங்கள். ரிவெர்ப் (எதிரொலி), கோரஸ் (ஒலியைப் பலவாகக் காட்டுவது) என்ற இரண்டு எஃபெக்டையும் அணையுங்கள். மிக்ஸருக்கு நேராகப் போடாமல் ஒரு கிட்டார் ஆம்புக்குள் விட்டு, அந்த ஆம்புக்கு மைக் வையுங்கள். கையில் கிட்டாருடைய அதே இரண்டு குரல்தான், கூடுதலாக ஒரு விரலும் வேண்டாம்.

நுழைகிற வரிசையையும் மாற்றக்கூடாது. முதலில் கிட்டார் தனியாக. பிறகு ஹை-ஹாட்டும் (டிரம்ஸில் காலால் மூடும் ஜோடித் தாளத்தட்டு) ஆர்கனும், அப்புறம் டிரம்ஸ் முழுதாக, அதன் பின் பேஸ். குளோவரின் பேஸ் ரிஃபைத் திருப்பி வாசிப்பதில்லை, G-யிலேயே எட்டு எட்டாகத் துடித்துக்கொண்டு நிற்கும். நான்கு பேரும் ஒரே சமயத்தில் விழுந்தால் பாட்டு தொடங்கும்போதே முடிந்துவிடும்.

மற்றப் பாட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஹைவே ஸ்டார்’ 1971 கச்சேரிப் பயணத்தில், பஸ்ஸுக்குள்ளேயே தொடங்கியது. அதன் கிட்டார் தனி ஆவர்த்தனம் மேடையில் தோன்றியதை வாசித்தது அல்ல, மேற்கத்தியச் செவ்வியல் இசைமேதை பாக் பாணிக் கார்டு நடையின் மேல் முன்கூட்டியே சுரம் சுரமாகக் கோத்து வைத்தது. ‘மேபி ஐம் எ லியோ’ ரிஃப் சமத்தில் எடுப்பதில்லை, முதல் அடியை விட்டுவிட்டுத் தொடங்குகிறது. அனாகத எடுப்புக்குப் பழகிய காதுகளுக்கு இது சுலபம், மிருதங்கம் படித்த பிள்ளைகள் இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ பாட்டில் பேஸுக்கே ஒரு தனி வாசிப்பு உண்டு. ஏழு நிமிடத்தைத் தாண்டும் ‘லேஸி’யில் கில்லன் மவுத் ஆர்கன் வாசிக்கிறார். ஆல்பத்தின் முதல் சிங்கிளாக வெளியிட்டது ‘நெவர் பிஃபோர்’ பாட்டை. ‘ஸ்மோக்’ அமெரிக்காவில் சிங்கிளாக வந்தது 1973-இல்தான், வந்து பாட்டுத் தரவரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. ஹோட்டலிலேயே பதிவான ‘வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்’ ஆல்பத்தில் இடம் பெறாமல் ‘நெவர் பிஃபோர்’ தட்டின் பின்பக்கத்துக்குப் போயிற்று. மெதுவான, அருமையான பாட்டு. அதை வெளியே தள்ளியது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்தப் பதிவின் பொறியாளர் மார்ட்டின் பிர்ச். பின்னாளில் அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஆல்பங்களை 1981 முதல் 1992 வரை தயாரித்தவர் இவர்தான். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி இடம் விட்டு, ரிவெர்பை அடக்கி, டிரம்ஸை நெருக்கமாக வைக்கிற அவர் கை இந்த நடைக்கூடத்திலேயே தெரிகிறது. 2024-இல் வந்த பெரிய பதிப்புக்குப் புதிதாக மிக்ஸ் செய்தவர் ட்வீசில் ஸப்பா. காசினோ எரிந்த அன்று மேடையில் நின்ற ஃபிராங்க் ஸப்பாவின் மகன். பழைய மிக்ஸையும் புதியதையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். பெய்ஸின் ஹை-ஹாட் எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனித்தால் போதும், மிக்ஸிங் என்றால் என்ன என்று பாதி புரிந்துவிடும்.

இனி நம் மண்டபம். மேனேஜர் அண்ணாச்சியிடம் மார்கழியில் கேட்டால் இரண்டு நாள் வாடகையில் நிறையவே குறைப்பார். கேட்கும்போதே மெத்தைகளையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பெரிய ஹால் வேண்டாம். அங்கே கை தட்டினால் எதிரொலி பல தடவை திரும்பி வரும், டிரம்ஸ் கூழாகிவிடும். வேண்டியது மணமகன் அறைக்கும் மணமகள் அறைக்கும் போகிற நடை. பழைய டவுன் வீடு கிடைத்தால் தார்சாவிலிருந்து ரெண்டாங்கட்டு வரை நீளுமே, அந்த அமைப்பும் நல்லதுதான்.

மெத்தை எல்லாச் சத்தத்தையும் குடிக்காது. ஒரு அலையின் கால்பங்கு நீளத்துக்குக் கனம் இருந்தால்தான் நன்றாகக் குடிக்கும். நான்கு அங்குல இலவம்பஞ்சு மெத்தை சுவரோடு ஒட்டி நின்றால் ஏறத்தாழ 850 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழு வேலை செய்யும். அதையே சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, நாற்காலி முதுகில் சாத்தினால் 430 வரை இறங்கும். செலவில்லாத லாபம். பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டால் சிம்பலின் கூர்மை கொஞ்சம் மழுங்கும், அவ்வளவுதான். அழகான பாயை ஆணி அடித்துப் பாழாக்க வேண்டாம். தரைக்கு ஜமுக்காளம் போதும்.

பேஸ் சத்தத்தை இவை எதுவும் தொடாது. ஆறு அடி அகல நடையில் 95 ஹெர்ட்ஸ் பக்கத்தில் காற்று தானாகவே முழங்கும். G-யின் இரண்டாம் ஸ்தாயி 98. அதாவது இந்தப் பாட்டின் சட்ஜம் வரும்போதெல்லாம் நடை கூடச் சேர்ந்து உறுமும். எட்டு அடி அகலமானால் முழக்கம் 71-க்குப் போய்விடும், தொல்லை குறைவு. அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போய் முதலில் அகலத்தை அளந்து பாருங்கள். குறுகல்தான் கிடைத்தது என்றால் பேஸுக்கு ஆம்ப் வேண்டாம், டிஐ பெட்டி (மைக் இல்லாமல் கிட்டாரை நேராகப் பதிவுக் கருவியோடு இணைப்பது) வழியாக நேராக எடுங்கள்.

எட்டு மைக் வழி உள்ள ஒரு இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) போதும். கிக், ஸ்னேர், டிரம்ஸுக்கு மேலே ஒன்று, பேஸ் டிஐ, கிட்டார் ஆம்ப், ஆர்கன் ஆம்ப், வழிகாட்டிக் குரல். எட்டாவதை நடையின் மறுகோடியில் வையுங்கள், மண்டபத்தின் குணம் அதில்தான் பதியும். டிரம்ஸ் நடையின் முனையில். கிட்டார் ஆம்ப் மணமகன் அறையிலும் ஆர்கன் ஆம்ப் மணமகள் அறையிலும், கதவுகள் பாதி சாத்தி. வாசிக்கிறவர்கள் எல்லோரும் நடையில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி. அறை கிடைக்கவில்லை என்றால், ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் இருக்கும்போது அடுத்த மைக் அதிலிருந்து மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும்.

மின்சாரத்தில் ஒரு வேடிக்கையான ஆபத்து இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பாட்டின் கீழ் சட்ஜம் 49. ஸ்ட்ராட் வகைக் கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) டியூப் லைட் சோக்கையும் ஃபேன் ரெகுலேட்டரையும் கேட்டு ஹம் பிடித்தால், அது தனி இரைச்சலாகக் கேட்காமல் சுரத்தோடு கலந்து நொடிக்கு ஒரு தடவை ஆடும். சுருதி போய்விட்டது என்று நினைத்துப் பிருடையைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். முதலில் லைட்டையும் ஃபேனையும் அணைத்துப் பாருங்கள், கிட்டாரோடு கொஞ்சம் திரும்பி உட்காருங்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து லைன் எடுங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்காமல் யாரும் மைக்கில் வாய் வைக்கக்கூடாது. கிட்டார் தந்தியைப் பிடித்துக்கொண்டு மைக்கைத் தொடும்போது ஷாக் அடிப்பது விளையாட்டல்ல.

விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை கேட்கும், அது அடங்கிய பிறகு தொடங்குங்கள். மழை பிடித்தால் தகரக் கொட்டகை உள்ள மண்டபத்தில் பதிவு நடக்காது, மாடி போட்ட கட்டடமாகப் பாருங்கள். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் முதல் நாளே, ‘நாளைக்கும் மறுநாளும் பகல்ல மட்டும் கொஞ்சம் சத்தமா இருக்கும் ஆச்சி’ என்று சொல்லிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தமே வேண்டாம். பெவிலியனில் போலீஸ் வந்த கதை நமக்கும் நேர வேண்டாம்.

லேப்டாப்பை நடையில் வைக்காதீர்கள். பந்தி ஹாலைத் தாண்டி சமையல்கட்டுப் பக்கம் ஒரு மேஜையில், ஒருவர் மட்டும் ஹெட்ஃபோனோடு உட்காரட்டும். அவர் வேலை பதிவு ஓடுகிறதா, எந்த மைக்காவது சிவப்புக்குப் போகிறதா என்று பார்ப்பது மட்டும். சத்த அளவை உச்சத்துக்கு 12 டெசிபல் கீழேயே வைக்கச் சொல்லுங்கள், ஆவேசம் ஏறும்போது டிரம்ஸ் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். மூன்று டேக் முடியும் வரை வாசிக்கிறவர் யாரும் அந்த மேஜைக்குப் போக வேண்டாம்.